காரின் அடிவயிற்றில் மச்சான்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் மனைவி என்னோடு காரில் வரமாட்டேன் என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணம் காற்று. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் தெருவே சிரித்து முடித்துவிட்டது.

எங்கள் வீடு தேனியில். எனக்குக் கம்பத்தில் ஆபீஸ் வேலை. அவள் சின்னமனூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவோம். அவளைச் சின்னமனூரில் இறக்கிவிட்டு நான் கம்பம் போவேன். வீட்டில் டி.வி., குக்கர் விசில், பிள்ளையின் ஹோம்வொர்க், இத்தனைக்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டி பேச நேரம் ஏது? எங்கள் சண்டை, சமாதானம், ஊர்க்கதை எல்லாம் அந்த அரைமணி நேரக் கார்ப் பயணத்தில்தான். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த முறுக்குமீசைக்காரர், சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் வாசலில் வடை தின்றுவிட்டு வந்து சத்தியம் பண்ணுகிறவர், எல்லோரையும் நடித்தே காட்டுவாள். நான் சிரித்துக்கொண்டே வீரபாண்டியைத் தாண்டியிருப்பேன்.

இந்தச் சுகத்தில் மண்ணைப் போட்டவன் நானேதான். ஆபீஸில் என்னுடையதைப் போலவே பின்கதவு வைத்த குட்டிக் கார் வைத்திருக்கும் ஒருவர், தன் வண்டி லிட்டருக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் தருகிறது என்று டீ குடிக்கும்போது சொல்லிவிட்டுப் போனார். என் வண்டி பதினேழு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். குற்றவாளி எஞ்சின் இல்லை, காற்று என்று கண்டுபிடித்தேன். வேகமாகப் போகிற காரைக் காற்று பிடித்து இழுக்கிறதாம். அடப்பாவி, இத்தனை வருஷமாக என் பெட்ரோலைக் குடித்தது நீதானா!

முதலில் மேலே இருந்த கேரியரைக் கழற்றினேன். டயருக்குக் காற்று சரிபார்த்தேன். இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முன்பக்கச் சல்லடையில் பாதியை அட்டை வைத்து அடைத்தேன். சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் வாளி மூடிகளை வெட்டி மாட்டினேன். பின்பக்கம் சட்டென்று வெட்டினாற்போல முடிவதுதான் இந்த மாதிரிக் காருக்குக் கேடு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தெர்மகோலில் ஒன்றரை அடிக்கு ஒரு வால் செய்து, வெள்ளி பேப்பர் சுற்றி ஒட்டினேன். பின்னால் முறம் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மிச்சமிருந்தது அடிப்பாகம். கார் மேலே வழவழப்பாக இருந்தாலும் அடியில் குழாயும் கம்பியுமாகக் கரடுமுரடு. அதை மூட ஒரு தகடு வேண்டும். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பந்தல் பிரித்த மறுநாளே அது கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிடும், இல்லை விறகுக்குப் போர்வையாகிவிடும். எங்கள் பரணில் மகளின் காதுகுத்து ஃப்ளெக்ஸ் இருந்தது. என் மனைவியின் அண்ணன், அதாவது மகளுக்குத் தாய்மாமன், எனக்கு மச்சான், கூலிங்கிளாஸ் போட்டு, இரண்டு கையும் கூப்பி, சீர்வரிசையோடு ஆள் உயரத்துக்கு நிற்கிற படம். ஃப்ளெக்ஸில் படம் அச்சடித்த பக்கம்தான் வழவழப்பு. காற்று வழுக்கிப் போக வேண்டுமே என்று அந்தப் பக்கத்தைக் கீழே பார்த்து வைத்து, சைலன்சர் பக்கம் மட்டும் வெட்டிவிட்டு, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். மச்சான் தார்ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி படுத்துக்கொண்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு சட்டம் போட்டேன். ஜன்னலைத் திறக்கக் கூடாது, காற்று உள்ளே புகுந்து இழுக்கும். ஏசியும் கூடாது, அது பெட்ரோலைக் குடிக்கும். மாதம் சித்திரை. அவள் நாலு நாள் பொறுத்தாள். வேர்த்து விறுவிறுத்து லேபுக்குப் போனால், ரத்தம் கொடுக்க வந்தவர்கள் இவளைப் பார்த்து உட்காரச் சொன்னார்களாம். ஐந்தாம் நாள் அவள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை நான் தூக்கிப் பார்த்து, இவ்வளவு கனமா என்று கேட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நீ எத்தனை கிலோ என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா காத்தாவது வரும். நீங்க உங்க காருக்கே வாக்கப்பட்டுக்கங்க."

முதல் வாரம் எனக்கு வீம்பு. ஆள் இறங்கியதில் பாரம் குறைந்தது என்று மனசுக்குள் குரூரமாகக் கணக்குப் போட்டேன். இரண்டாவது வாரம் வீரபாண்டி தாண்டும்போது பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் ரேடியோவை அணைத்துவிட்டேன், எரிச்சலாக இருந்தது. முறுக்குமீசைக்காரருக்கு என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லா இருக்காக" என்பாள். இரண்டு மாசம் அப்படியே ஓடியது. நான் ஜெயித்துக் காட்டினால் அவள் திரும்பி வருவாள் என்று நம்பினேன். ஆம்பளைப் புத்தி வேறு எப்படிப் போகும்?

ஆடி பிறந்ததும் ஜெயித்தேன். ஒரு சாயங்காலம் கம்பத்தில் டேங்கை நிரப்பி, தேனி வந்ததும் மறுபடி நிரப்பிப் பார்த்தால், லிட்டருக்கு இருபத்தைந்து! பங்க்கிலிருந்து நேராக அடுப்படிக்கு ஓடி ரசீதை நீட்டினேன். அவள் ரசீதை வாங்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் போகும்போது பார்த்தது என்றாள். கம்பத்திலிருந்து வரும்போது என்றேன்.

"கம்பம் மேடு, தேனி பள்ளம். ஆடியில காத்தும் அங்கன இருந்துதான் இங்கன அடிக்கிது. எங்கப்பா வாழைக்கு முட்டுக் குடுக்குற காத்து அது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக, உங்க காரு பறந்ததுதானா அதிசயம்?"

சின்னமனூர் வாழைத்தோட்டத்துப் பெண். அதோடு லேப்காரி. ஒரே ஒரு சாம்பிளை வைத்து ரிசல்ட் எழுதினால் எங்கள் டாக்டர் கிழித்து எறிவார் என்றாள். அப்புறம் பந்தயம் அவளே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போகவர இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும், அவளும் வருவாள். இருபதைத் தாண்டினால் அவள் மறுபடி காரில் வருவாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே. தாண்டாவிட்டால் ஒட்டியது கட்டியது எல்லாவற்றையும் பிய்த்துப் போட வேண்டும். அப்போதும் காரா பஸ்ஸா என்பதை அவள் யோசித்துச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று பேய் மாதிரி எதிரே வந்தது. வீரபாண்டி தாண்டியதும் வால் பிய்ந்து ஒரு வயலுக்குள் போய் விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். சின்னமனூருக்குள் நுழைந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் படாரென்று சத்தம். காரின் வயிற்றிலிருந்து ஏதோ உருவிக்கொண்டு, ரோட்டில் தேய்ந்து, பின்னால் எழும்பி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். சின்னமனூர் மெயின்ரோட்டில், முகமெல்லாம் தார்க்கறையும் கீறலுமாக, என் மச்சான் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

மச்சானுக்கு அதே ஊரில் வாழைக்காய் மண்டி. லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த மண்டி ஆட்கள் ஓடிவந்து ஃப்ளெக்ஸைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, இது நம்ம முதலாளியில்ல என்றார். தாய்மாமன் படத்தைத் தாண்டி நடந்தாலே பேச்சுவார்த்தை நின்றுபோகிற குடும்பம் அது. நான் இரண்டு மாசமாக ரோட்டில் தேய்த்திருக்கிறேன். உள்ளபடியே பயந்துவிட்டேன். அவள் இறங்கி வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள், காரின் அடியில் தொங்கிய கட்டுக்கம்பியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஐந்து நிமிஷத்தில் அவள் போன் அடித்தது. அண்ணன்தான். ஆட்கள் அதற்குள் சொல்லிவிட்டார்கள். இன்றோடு பிறந்தவீட்டுப் போக்குவரத்து முடிந்தது என்று நினைத்தேன். அவள் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"ஆமாண்ணே, நம்ம பிளக்ஸுதான். வெயிலுக்குக் காரு மேல போத்தி வச்சிருந்தோம். காத்துல பறந்துருச்சு. பத்திரமா எடுத்து மடிச்சுட்டோம்ணே."

போனை வைத்துவிட்டு முந்தானையால் அந்தக் கூலிங்கிளாஸ் முகத்தைத் துடைத்தாள். "எங்கண்ணங்கிட்டயே பொய் சொல்ல வச்சுட்டீகளே" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்து, டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கத் தைரியமில்லாமல் நின்றேன். அங்கேயே ரோட்டோரத்தில் படுத்து, அட்டை, மூடி, கம்பி எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பம் போகவில்லை. பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. காரா பஸ்ஸா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் பையோடு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்ட் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாள். காற்று உள்ளே புகுந்து அவள் தலைமுடியைக் கலைத்தது. ஊரைத் தாண்டியதும், அந்த முறுக்குமீசைக்காரர் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் இப்போது பேத்தியைத் துணைக்குக் கூட்டி வருகிறார், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போட விடுவார் என்று ஆரம்பித்தாள். இரண்டு மாசக் கதை பாக்கி இருந்தது. என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பிவிட்டது. வழக்கமாக எழுபதில் போகிற ரோட்டில் நாற்பதில் போனேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனார்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். சனிக்கிழமை டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் இருபத்தொன்று. வாலும் இல்லை, மூடியும் இல்லை, ஜன்னல் திறந்தே இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், இருபத்தொன்றுதான். வீடியோக்காரர்கள் முதலிலேயே சொன்னதுதான், வேகம் குறைந்தால் காற்றும் விட்டுக்கொடுக்கும். நான்தான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வண்டியில் ஏறியதும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், ஏன் இப்போதெல்லாம் மாட்டுவண்டி மாதிரி போகிறீர்கள் என்று கேட்டாள். மைலேஜுக்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பொய்யி. இன்னுங் கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன். கதை பாதிதான் முடிஞ்சிருக்கு."