கையை எடுக்க வேண்டிய இடம்

1. ஒற்றை ஆள் கச்சேரி

புது கீபோர்டை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போன முதல் நிகழ்ச்சி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. இடது கையால் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பதைத்தான் கார்டு என்போம். அதைப் பிடித்தால் போதும், மொத்தக் குழுவும் பின்னால் ஓடிவரும். பாட்டின் மெட்டை வலது கை வாசிக்கும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, மத்தவங்கெல்லாம் பின்னால வாராங்களா?"

"இல்லீங்க, நான் மட்டுந்தானுங்க."

"அப்ப டிரம்ஸ் அடிக்கறவரு?"

"பொட்டிக்குள்ள இருக்காருங்க."

"அடச் செரி! பந்தியில நாலு எலை மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முன்பெல்லாம் குழுவாக வேனில் போவோம். ஜன்னல் சீட்டுக்கே சண்டை நடக்கும். அன்று பந்தியின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வாசித்தது எப்படி இருந்தது என்று கேட்க யாரும் இல்லை.

2. தறிக் கை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிறகு பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினேன். வாசிப்பெல்லாம் கேட்டுப் பழகியது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த கை என்பதால் தாளம் பிசகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோவில் பூசைக்கு வாசிப்பேன். பாடகர் குழுவுக்குத் தலைவர் சூசை அண்ணன். பைபிள் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலை ஆரோக்கியமேரி அக்கா பாடுவார். அவருடைய கணவர் நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அத்தனை நாளும் அக்கா பாட வரவில்லை. முப்பதாம் நாள் பூசையில் தானே பாட வேண்டும் என்று கேட்டார். பூசை முடிந்ததும் மகனோடு ஓசூருக்குக் குடிபோவதாக இருந்தார்.

ஒத்திகையில் அக்காவுக்கு ஓர் அடி முடிவதற்குள் மூச்சு நின்றது.

"முடியலீன்னா உட்டுருங்கக்கா. புள்ளைங்க பாடட்டும்" என்றார் சூசை அண்ணன்.

"அவரு கேக்கறதுக்குன்னே பாடுன பாட்டு சூசை. நானே பாடறேன்."

மெதுவான பீட் வைத்துப் பார்த்தேன். அக்கா பின்தங்கினார். ஃப்ரீ ஸ்டைலுக்கு மாற்றினேன். அதில் டிரம்ஸ் கிடையாது. பியானோவும் வயலினும் மட்டும் அலைபோல வரும். கார்டை எப்போது மாற்றுகிறோமோ அப்போதுதான் அவையும் மாறும். பாடுபவர் இழுத்த இழுப்புக்குப் போகலாம். ஆனால் என் இடது கை போகவில்லை. பீட் இல்லாத இடத்திலும் அது தறிக் கணக்கில் கார்டை மாற்றிக்கொண்டே இருந்தது.

அக்கா பாடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் மூச்சு வாங்கறதுக்குள்ள நீ அடுத்த தெருவுல நிக்கற, சாமி."

"தறிக்காரன் கையக்கா அது. மொதலாளி பாக்கறாருன்னு ஓடுது" என்றார் சூசை அண்ணன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டில் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். சிங்க் ஸ்டாப் என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் இடது கையை எடுத்ததும் பின்னணி நின்றுவிடும். மறுபடி வைத்தால் தொடங்கும். இத்தனை நாள் அதை நான் தொட்டதே இல்லை. தறி ஓட்டியவனுக்கு ஓட்டம் நின்றாலே நூல் அறுந்த மாதிரிதான்.

3. முப்பதாம் நாள்

பூசையில் அக்கா வாசக மேடைக்குப் போய் நின்றார். நான் அவர் விரலையோ புத்தகத்தையோ பார்க்கவில்லை. தோளைப் பார்த்தேன். தோள் ஏறினால் மூச்சு எடுக்கிறார் என்று பொருள். அப்போது கையை எடுத்தேன். குரல் வந்ததும் வைத்தேன். முதல் அடி சரியாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது அடியின் நடுவில் குரல் உடைந்தது. கையை எடுத்தேன். கோவில் முழுக்கச் சத்தமே இல்லை. தோள் ஏறவில்லை.

சூசை அண்ணன் என் பக்கம் குனிந்தார். "ஏப்பா, தூங்கீட்டயா? பீட்டைப் போடு, நாங்க எடுத்துக்கறோம்."

நான் யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ரிதம் ஓட ஆரம்பித்தால் அக்காவால் மறுபடி உள்ளே வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தோள் ஏறியது. விட்ட இடத்திலிருந்தே எடுத்தார். நானும் கையை வைத்தேன். கடைசி அடிவரை அவரே பாடினார்.

வெளியே மகனோடு ஆட்டோவில் ஏறும்போது அக்கா, "இன்னிக்கு என்கூடவே வந்தயே சாமி" என்றார். அவர்தான் என்கூட வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்குள் ஆட்டோ போய்விட்டது.

புதிதாக வாசிக்க வருகிறவர்கள், ஃப்ரீ ஸ்டைலை எப்படிப் பழகுவது என்று கேட்கிறார்கள். பாடுபவர் நின்றால் கையை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தை நிரப்பப் பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன். பீட் ஸ்டைலைத் தனியாக உட்கார்ந்தே பழகிவிடலாம். இதற்குக் காத்திருக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். நானும் வீட்டில் சிங்க் ஸ்டாப்பைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். கையை எடுத்தால் நிற்கிறது. எப்போது திரும்ப வைப்பது என்றுதான் தெரிவதில்லை.