கட்டைவிரலைப் பார்த்துத் தலையாட்டியது

நடவு வரிசைதான் எனக்குப் பேச்சுத்துணை. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் நான் பேசினால் சுவர்தான் கேட்கும். வயலில் குனிந்து நாற்று ஊன்றிக்கொண்டே பின்னால் நகரும்போது, இந்தப் பக்கம் ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், அந்தப் பக்கம் ஒருத்தி சீரியல் கதை சொல்வாள். எனக்கு அது போதும்.

போன வருஷம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அதுவும் போயிற்று. கண் விழித்தால் கூரை சுற்றியது. சுவரைப் பிடிக்காமல் வாசலுக்கு வர முடியவில்லை. காதுக்குள்ளே நம்மை நிலையாக நிறுத்துகிற பகுதி ஒரு பக்கம் கெட்டுவிட்டது என்று காஞ்சிபுரத்தில் சொன்னார்கள். மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் பயிற்சி என்று ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

சின்னப் பெண்தான், ஆனால் ஆசை காட்டி ஏமாற்றவில்லை. "கெட்டது கெட்டதுதாம்மா. மிச்சம் இருக்கிறத வச்சு சமாளிக்க மூளை பழகிக்கும். பழகணும்னா கொஞ்சம் தலை சுத்தத்தான் செய்யும். பயந்து படுத்துக்கிட்டீங்கன்னா படுத்தபடிதான்."

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பிறகு தலையணை மேல் ஏறி நிற்க வேண்டும்.

"நடவுக்குப் போலாமா?" என்றேன்.

"ரோட்ல நல்லா நடப்பீங்க. சேறு, அசையற தண்ணி, குனிஞ்ச தலை மூணும் சேர்ந்தா எப்படின்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்குள் வெளிச்சம் பற்றாது என்று காலையில் வாசலில் நின்று ஆட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகி, முடியை உலரவிட்டபடி ஆட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் கற்பூரத்தோடு வந்து நின்றாள்.

"எம் புள்ளைக்குப் பொண்ணு எப்போ அமையும்னு ஒரு வார்த்த சொல்லு தாயே."

முந்தின நாள் வரை அவளுக்கு நான் அக்கா.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் சொன்ன எக்சர்சைஸ்டி, அதான் பண்ணிக்கினு கீறேன்."

"சாமி வர்றவங்க யாரு ஒத்துக்கினாங்க" என்று கற்பூரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அதோடு ஊர் முழுக்கப் பேச்சு. நடவில் என்னோடு கதை பேசினவர்கள் எல்லாம் தெருவிலேயே கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். வெற்றிலை பாக்கு சேர்ந்தது, ஆள் சேரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

பயிற்சியை மட்டும் விடவில்லை. முதலில் குமட்டியது, பிறகு குறைந்தது. அண்ணாந்து துணி உலர்த்தினேன். தனியாக பஸ் ஏறி உத்திரமேரூர் போய்ச் சாமான் வாங்கி வந்தேன். கரண்ட் போனால்தான் இன்னமும் சுவர் வேண்டியிருந்தது.

ஏரித் தண்ணீர் திறந்ததும் நடவுக்குப் போனேன். ஆள் சேர்ப்பவள் தயங்கித்தான் வரிசையில் இடம் விட்டாள். என் இரண்டு பக்கமும் யாரும் வாய் திறக்கவில்லை. நாற்றையே பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தேன். கை பழைய வேகத்துக்கு வந்தது. எவளோ தூரத்தில் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று ஆசையாகத் திரும்பினேன். தண்ணீரில் வெயில் அசைந்தது, வயலே ஒரு பக்கமாகப் புரண்டது. சேற்றில் விழுந்துவிட்டேன்.

இடுப்பளவு சேற்றோடு உட்கார்ந்து கையை நீட்டினேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக நாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினாள். பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாள்.

"இன்னா வோணும் தாயே, சொல்லு."

"கை குடுங்கடி" என்றேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கூப்பிய கையை யாரும் பிரிக்கவில்லை. தவழ்ந்து போய், வரப்பைப் பிடித்து நானே எழுந்தேன்.