தறிச் சத்தம் கேட்காத வீடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். காஞ்சிபுரத்தில் அறை எடுத்துத் தங்கி பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. புள்ளியியலில் வகுப்பிலேயே முதல் ஆள் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

விடாத மழை. நெசவாளர்களுக்கு நிவாரண அரிசி தேவையா என்று முடிவு செய்ய, உள்ளூர் கமிட்டி ஒன்று எங்கள் விரிவுரையாளரிடம் கணக்கெடுப்பு கேட்டிருந்தது. நான்கு தெருக்கள் என் பங்குக்கு வந்தன. பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கதவு எண்களைக் குறித்துக் கொடுத்து, "ஆள் இல்லன்னா மறுபடி போ. வீட்டை மட்டும் மாத்தாதே" என்று சொல்லி அனுப்பினார்.

மழையில் இரண்டு தடவை அலைய யாருக்கு மனசு வரும்? குறித்த வீட்டில் தறிச் சத்தம் கேட்டால் நுழைந்தேன். கேட்காவிட்டால் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்கிற அடுத்த வீட்டுக்குப் போனேன். எல்லாம் ஒரே தெருதானே என்று நினைப்பு. ஒரு வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் தறி ஓடுகிறது என்ற சராசரி அழகாக வந்தது. மழையிலும் தறிகள் ஓடுகின்றன என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டும் வாங்கினேன்.

கமிட்டி கூடும் நாள். பதினோரு மணிக்குக் கூட்டம். பத்தரை இருக்கும், மழை வலுத்ததால் ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினேன். உள்ளே ஓர் அம்மாள் தறிக் குழியில் முழங்கால் தண்ணீரில் நின்று, குடத்தால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். நெய்கிறவர் கால் விட்டு மிதிக்கிற குழி அது. தண்ணீர் ஊறினால் தறி நின்றுவிடும்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "நீதானேப்பா போன வாரம் எட்டிப் பாத்துட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போன காலேஜ் புள்ள? அவங்களுது மேட்டு வூடு, தண்ணி ஏறல. இங்க பத்து நாளா ஊறிக்கினே இருக்குது. எங்க வூட்டுக் கணக்க யாருப்பா எழுதுவாங்க?"

சட்டைப் பையிலிருந்த பட்டியலைப் பிரித்தேன். அந்தக் கதவு எண் அதில் இருந்தது. தறி நின்றுபோன வீடுகளை எல்லாம் நானே தள்ளிவிட்டு, தறி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறேன்.

ஓடினேன். கூட்டத்துக்குப் போகும் பாதி வழியில் செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினேன். சொன்னால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் அரிசி வராது. நான் நுழைந்தபோது கமிட்டித் தலைவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அரிசி தேவைப்படாது போல இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், அது தப்புக் கணக்கு. நான் வீட்டை மாத்திட்டேன்."

விரிவுரையாளர் என் முகத்தைப் பார்க்காமல், "எத்தனை வீடு?" என்றார்.

"பாதிக்கு மேல, சார்."

தலைவர் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். "நாலு நாள்ல திரும்ப எடுத்துக்கினு வா. அப்புறம் பார்ப்போம்."

"அரிசியை இப்பவே கொடுக்கலாமே சார்" என்றேன்.

"எந்தக் கணக்க நம்பிப்பா?"

தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த அம்மாள் வீட்டில் தொடங்கி, குறித்த வீடு ஒன்று விடாமல் தண்ணீரில் நடந்து மறுபடி எடுத்தேன். சராசரி பாதிக்கும் கீழே இறங்கியது. அரிசி வந்தது. எனக்கு அந்தப் பயிற்சியில் பூஜ்யம் போட்டார்கள், அது நியாயம்தான்.

பிறகு எத்தனையோ கணக்கெடுப்புகள் செய்துவிட்டேன். ஆனால் என் சோம்பலால் தள்ளிப்போன அந்த நாலு நாளில் எத்தனை வீட்டு அடுப்பு எரியவில்லை என்ற கணக்கை மட்டும் என்னால் இன்றுவரை எடுக்க முடியவில்லை.