அமுக்கி பைண்டு செய்த சரித்திரம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் பி.யு.சி. படித்தபோது சரித்திரப் பாடம் பிரெயிலில் எங்கும் கிடைக்கவில்லை. யாராவது வாசிக்க வேண்டும். நான் கேட்டுக் கேட்டு ஊசியால் தடித்த தாளில் புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். தாளைத் திருப்பினால் ஒவ்வொரு ஒலியும் மேடாக எழும்பி விரலில் தட்டுப்படும். மயிலாப்பூர் மாமி ஒருவர் சமூக சேவை செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் அகப்பட்டேன்.

வடபழனியிலிருந்து பஸ் ஏறி மத்தியானங்களில் போவேன். மாமிக்கு மேடைக் குரல். நான் சோழரைக் குத்தி முடிப்பதற்குள் அவர் பாண்டியரையும் ஒழித்துக்கட்டிவிட்டு நாயக்கரிடம் போயிருப்பார். “கொஞ்சம் மெதுவா மாமி” என்றால், “நீ வேகமா குத்தேன்டி” என்பார். தணிக்கை வேறு. “இவனுக்கு ஏகப்பட்ட பொண்டாட்டி. அதெல்லாம் உனக்கெதுக்கு?” என்று ஒரு ராஜாவின் குடும்பத்தையே தாண்டிவிடுவார். பரீட்சையில் அந்தக் குடும்பச் சண்டையைத்தான் கேட்பார்கள் என்று கெஞ்சி வாங்க வேண்டும். ஆனாலும் அந்தக் குரல் முழுவதும் என் விரலுக்கு வந்து சேர்ந்தது. அவர் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் என் புள்ளிகள் நிதானமாக, அழுத்தமாக இருக்கும்.

பாடம் முடிந்தது, பரீட்சையும் நெருங்கியது. கூடவே மாமியின் மாதர் சங்கத்துக்கு ஆண்டு விழா வந்தது. நான் குத்தி வைத்திருந்த தாள் கட்டை மாமி வாங்கி வைத்துக்கொண்டார்.

“இப்படிக் கந்தலா வெச்சுண்டு அலையணுமா? பைண்டு பண்ணி மேடையில தரேன்.”

“வேணாம் மாமி, அப்படியே குடுத்துடுங்க. படிக்கணும்.”

“அசடு” என்றார்.

தி.நகரில் ஒரு மண்டபத்தில் விழா. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை. மாமி தம் உழைப்பை மைக்கில் விவரித்தார். “பைண்டர் என்ன கேட்டான் தெரியுமோ? ‘இன்னாம்மா, தாளு பூரா பொரிப்பொரியா கீது, பிரஸ்ல போட்டு அமுக்கிடட்டா?’ன்னான். நன்னா அமுக்குப்பான்னேன். சுத்தியால தட்டி, அமுக்கி, அட்டை போட்டுக் குடுத்துட்டான்!”

கூட்டம் கைதட்டியது.

“எங்கே, ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டும்மா” என்றார் நீதிபதி. திறந்து தடவினேன். தாள் சிலேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று கிடந்தது. ராஜா, ராணி, சண்டை, சமாதானம் ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில் மேடையிலேயே அழுதுவிட்டேன்.

“மாமி, எழுத்தெல்லாம் போயிடுச்சு.”

மாமி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “அதனாலென்ன, இன்னொரு தரம் குத்திக்கோ. விழாவைக் கெடுக்காதே” என்று என் காதில் சொன்னார். பிறகு கையை எடுத்துவிட்டு, “குழந்தைக்கு நன்றியில பேச்சே வரல்லே” என்று சபைக்கு அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

அந்த வருடம் சரித்திரத்தில் தோற்றேன். புத்தகத்தை மாமியே எடுத்துப் போய்விட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறதாம். பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.