கைப்பிடியில் கட்டிய எடைச்சீட்டு

விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா? மண்ணிலும் பாறையிலும் ஓட்டுவதற்கு பைக் வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். என்ஜின், டயர், விளக்கு எல்லாம் அப்புறம். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. வடக்கே மலைப்பாதைகளில் பைக்கில் சுற்றுலா போகிறவர்களுக்குப் பின்னால் கருவிப் பையையும் மாற்று டியூப்களையும் சுமந்துகொண்டு இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். முன்னால் போகிறவர் விழுந்தால் நான் தூக்க வேண்டும். நான் விழுந்தால் எனக்குப் பின்னால் ஆள் கிடையாது. ஒருமுறை ஓடைத் தண்ணீரில் வண்டிக்கு அடியில் கால் மாட்டி முக்கால் மணி நேரம் கிடந்தேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

எட்டாம் வகுப்போடு ஆரணியை விட்டுப் போனவன் நான். லாரி கிளீனர், வெல்டிங் பட்டறை, கல் குவாரி, பிறகு அந்த மலைகள். சுற்றுலா கம்பெனி மூடியதும் திரும்பி வந்து ஒரு விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். கூடத்துக்கு மேலேயே அறை. தறிகள் ஓடினால் தூங்குவேன், நின்றால் விழித்துக்கொள்வேன்.

என் நண்பன் பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. பள்ளியில் எட்டு வருடம் ஒரே பெஞ்ச். அவர்கள் வீட்டிலிருந்து நெசவாளர்களுக்கு நூல் போகும், புடவையாகத் திரும்பி வரும். போகும்போதும் எடை, வரும்போதும் எடை. தராசுக்கு முன்னால் உட்காருவதுதான் அவன் வேலை. ஈரக்காற்றில் வைத்து எடை கூட்டிய புடவையை விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவான். நூல் சிட்டமோ புடவையோ, எடை எழுதிய சிறு துணிச்சீட்டு கட்டாமல் அந்த வீட்டில் ஒரு பொருள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகாது.

ஒரு மாலை டீக்கடையில் போனை என் மூக்கருகே நீட்டினான். யாரோ ஒருவன் பாறை மேல் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, நீ இப்படித்தான் ஓட்டிகினு இருந்தியா அங்க?"

"அவன் ஓட்டுவான். அவன் சாப்பாட்டு மூட்டையத் தூக்கிகினு நான் பின்னால போவேன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். "எனக்கு ஒரு வண்டி பாத்துக் குடுடா. ஞாயித்துக்கிழமை காட்டுப் பக்கம் நான் ஓட்டுறேன். சேத்துப்பட்டுப் பக்கம் காஞ்ச ஏரியில தடம் போட்டு ரேஸ் வெக்கிறாங்களாம். அத நீ ஓட்டு. வண்டி என்னுது, ரேஸு உன்னுது. உன் பேர்லதான் குடுப்பேன்."

நான் எத்தனையோ பேருக்குப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் ஒருமுறைகூட இருந்ததில்லை. கூலி கொடுக்கிற பட்டியலில்தான் இருக்கும், அதிலும் பாதி நாள் தப்பாக. அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பந்தயத்தை நான் மனதுக்குள் பலமுறை ஓட்டிவிட்டேன்.

முதலில் வேலூருக்குப் போனோம். ஷோரூமில் நுழைந்ததும் அவன் கண் பெரிய வண்டியின் மேல் விழுந்தது. அகலமான டேங்க், கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தான்.

"கைய வெச்சாலே சரக்கு தெரியுது பாருடா."

"இது ரோட்டுல ஊர் ஊராப் போறதுக்கு. மண்ணுல இத ஓட்ட முடியாது."

"நைனா இன்னா சொல்வாரு தெரியுமா? எடை கொறஞ்சா நடுவுல எவனோ தின்னுட்டான்னு அர்த்தம்பாரு."

பட்டில் அது சரி. பட்டில் எடைதான் நேர்மை. பைக்கில் அது தலைகீழ் என்று அவனுக்குப் புரிய வைக்க ஒரு வாரம் ஆனது. கடைசியில் புரிய வைத்ததும் நான் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு மிஷன் பள்ளி டிரில் மாஸ்டரிடம் அதே மாதிரி கனமான வண்டி இருந்தது. கேட்டதும் கொடுத்தார், கூடவே அவரும் வந்தார். சமணக் கோயில் இருக்கிற எங்கள் பக்கத்துத் திருமலைக்குப் போகும் வழியில், ஊரெல்லாம் தாண்டி, முள்ளும் உருண்டைக் கல்லுமாக ஒரு சரிவு இருக்கிறது. அங்கே நண்பனை ஏற்றிவிட்டேன். பாதி ஏறினான். வண்டி நின்றது, சாய்ந்தது, அவனும் சாய்ந்தான். எழுந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். முகம் சிவந்ததே தவிர வண்டி அசையவில்லை.

நான் போய் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். பின்பக்கச் சட்டத்தை ஒரு கையாலும் கைப்பிடியை இன்னொரு கையாலும் பற்றி, முதுகை நேராக வைத்து, காலால் பின்னோக்கி நடந்தேன். வண்டி எழுந்து நின்றது. நண்பன் அதைப் பார்க்கவில்லை. சட்டையில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மாஸ்டர்தான் பார்த்தார்.

"தம்பி, இத எங்க கத்துகினீங்க? நான் இத்தன நாளா ரெண்டு ஆளக் கூப்பிட்டுகினு இருக்கேன்."

அடுத்த முறை ஷோரூமில் நான் காட்டியது மெலிந்த வண்டி. உயரமான இருக்கை, நீண்ட ஸ்பிரிங், சின்ன டேங்க். அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. ரோட்டில் ஓட்டப் பதிவு எண் கிடைக்குமா என்று கேட்டேன். சில பந்தய வண்டிகளுக்குக் கிடைக்காது, எங்கே போனாலும் குட்டியானை வேனில் ஏற்றிப் போக வேண்டும். இதற்குக் கிடைக்கும் என்றார்கள். அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே என் முழங்கை நுழைகிறதா என்று பார்த்தேன். கிளட்ச் கம்பி அறுந்தால் எங்கள் ஊரிலேயே மாற்றலாமா என்று கேட்டேன். பிறகு வண்டியை மெதுவாகத் தரையில் படுக்க வைத்தேன்.

"சார்! சார், இன்னா பண்றீங்க! புது வண்டி சார்!" விற்பனையாளர் ஓடி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க." முதுகைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். மூச்சு வாங்கவில்லை. "இதுதான்" என்றேன். நண்பன் விற்பனையாளரிடம் ஏதோ பேசி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

வண்டி வந்த அன்று அதை அவர்கள் வீட்டு நூல் கிடங்கில் நிறுத்தினோம். பின் ஸ்பிரிங்கை ஓட்டுகிறவன் எடைக்கு ஏற்றபடி இறுக்க வேண்டும். லேசான ஆளுக்கு இறுக்கமாக இருந்தால் கல்லில் தூக்கிப் போடும். கனமான ஆளுக்குத் தளர்வாக இருந்தால் குதித்து இறங்கும்போது அடிவரை போய் முட்டும். முட்டினால் மணிக்கட்டு போகும். அதனால் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நூல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். அவன் வியாபாரக் குரலில் கேட்டான்.

"சரக்கு ஈரமா கீதே? வேர்வைக்கு இருநூறு கிராம் கழிச்சிக்கவா?"

"கழிச்சிக்கோ முதலாளி."

அறுபத்தொன்று புள்ளி நான்கு. ஒரு துணிச்சீட்டில் அதை எழுதி, கழிவுப் பட்டு நூலால் கைப்பிடியில் கட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் வேறு ஏதோவும் வந்தது. ஒரு வண்டி என் எடைக்கென்று நிற்பது அதுவே முதல் முறை.

ஒரு போட்டோ கேட்டான், லைசென்ஸ் நகல் கேட்டான். போட்டோ எடுக்கச் சலூனில் முடி வெட்டிக்கொண்டு போனேன். நான்கு நாள் கழித்துக் கேட்டேன். "அனுப்பிட்டேன்டா, உன் பேரு ஏறிடுச்சி" என்றான். அதிலிருந்து தினமும் விடியும்போது பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு வறண்ட ஏரியில் ஓட்டினேன். எட்டு மணிக்குத் தறிக்கூடம். தறி மோட்டாரைக் கழற்றும்போதுகூடக் கை கிளட்ச் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் தினமும் வந்து கரையில் நின்று போனில் நேரம் பார்த்துச் சொன்னான்.

பத்து நாள் போயிருக்கும், அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளை பெங்களூரில் பெரிய வேலை. ஆள் நல்ல உடம்பு. சாப்பாடு முடிந்து கிடங்குப் பக்கம் வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், இறங்க மனமில்லாமல் இறங்கினார். "யாரு செலக்ஷன்?" என்று கேட்டார். நண்பன் "நம்மளுதுதான் மாப்பிள" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த 'நம்ம'வில் நானும் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நண்பனுக்கு வண்டியைப் பற்றித் திடீரென்று ஆர்வம் வந்தது. மணலில் எந்த கியர்? டயரில் காற்று எவ்வளவு? எண்பது கிலோவுக்கு மேல் இருக்கிற ஆளென்றால் ஸ்பிரிங்கை எப்படி வைப்பது? அவன் கற்றுக்கொள்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தறிக்கூடத்துச் சுவரில் கரியால் படம் போட்டு விளக்கினேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம், செயினுக்கு எண்ணெய் விடக் கிடங்குக்குப் போனேன். கைப்பிடியில் சீட்டு புதிதாக இருந்தது. அவன் கையெழுத்துதான். எண்பத்து நான்கு புள்ளி இரண்டு.

அவன் என்னிடம் மறைத்தது அத்தனையும் அதில் எழுதியிருந்தது. மறைக்க நினைத்தவன் சீட்டைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் சரக்கின் எடை மாறினால் சீட்டு மாற்றுகிற கை அது. அவனே தடுத்தாலும் நிற்காது.

அவன் உள்ளே தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"சீட்டு மாறியிருக்குதேடா" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "ரேஸ நான் ஓட்டட்டுமான்னு மாப்பிள நிச்சயத்தன்னிக்கே கேட்டாருடா. நைனா எதுர்லயே கேட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள வாய் தொறந்து ஒண்ணு கேக்குறாரு. எங்க வீட்ல எவனாவது இல்லன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

"நேத்து காலையிலகூட நான் ஓட்டிகினு இருந்தேன். நீ கரையில நின்னு டைம் சொல்லிகினு இருந்த."

"வண்டி ரெடியாவணும் இல்ல" என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே கேட்டது போலிருந்தது. அவசரமாக எழுந்து என் தோளைத் தொட்டான். "பேஜார் பண்ணாதடா. அடுத்த வருஷம் நீதான். நாளைக்குக் கண்டிப்பா வந்துடு. மாப்பிளகிட்ட நம்ம மெக்கானிக்குன்னு சொல்லி வெச்சிகிறேன்."

"என் பேரு ஏறிடுச்சின்னியே. அத எப்படி மாத்துன?"

அவன் மேஜை இழுப்பறையைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. நான் இழுத்தேன். சீட்டுத் துணிகளுக்கு அடியில் என் போட்டோ, நான் கொடுத்த உறையிலேயே, லைசென்ஸ் நகலோடு இருந்தது. மாப்பிள்ளை வண்டியைப் பார்த்தது நிச்சயதார்த்தத்தில். பெயர் ஏறிவிட்டது என்று இவன் சொன்னது அதற்கும் முன்னால். ஆக, மாப்பிள்ளை கேட்காமல் இருந்திருந்தாலும் நான் அந்தப் பட்டியலில் இல்லை.

"கடைசி தேதி வரைக்கும் பாக்கலாம்னு..." என்று ஆரம்பித்தான். போட்டோவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது ஸ்பிரிங் கண்ணில் பட்டது. நான் சுவரில் வரைந்து காட்டியும் அவன் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை எதிர்ப்பக்கம் திருகியிருந்தான். என் எடைக்கு இருந்ததைவிடத் தளர்ந்திருந்தது. எண்பத்து நான்கு கிலோ ஆள் அதில் ஒரு மேட்டைத் தாண்டினால் போதும். கொக்கிச் சாவியை எடுத்துச் சரியாக இறுக்கி வைத்தேன். எண் கண்ணெதிரே தொங்கியது, திருகு அந்த எண்ணுக்குத் தப்பாக இருந்தது, அவ்வளவுதான். தெருமுனை தாண்டியதும் என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் நான் போகவில்லை. இரண்டு தறிகளின் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் ஆறு முறை அடித்தது. திங்கட்கிழமை டிரில் மாஸ்டர் தேடி வந்தார். அவர் பந்தயத்தில் கொடி பிடிக்கப் போயிருந்தார்.

"லிஸ்ட்ல உங்க பேரத் தேடுனேன் தம்பி. இல்ல. அந்த பெங்களூர்க்காரரு நல்லாத்தான் ஓட்டுனாரு. மூணாவது சுத்துல மணல்ல படுத்துட்டாரு. கைப்பிடியப் புடிச்சி இழுக்குறாரு, இழுக்குறாரு, சறுக்கிகினே போவுது. தாங்க முடியாம ரெண்டு பேரு எறங்கித் தூக்கிட்டாங்க. வெளியாள் கை பட்டா அவுட்டு தம்பி. நீங்க அன்னிக்கு முதுகு குடுத்தீங்களே, அத யாருமே அவருக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. என் நண்பன் என்னிடம் கேட்ட கேள்விகளில் அது மட்டும் இல்லை.

மாஸ்டர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. அவருக்கு வாங்கிக் கொடுத்த டீ ஆறும் வரை இருந்தது. பிறகு சலூனில் முடி வெட்டிக்கொண்டது ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணம் ஆவணியில் முடிந்தது. நான் போகவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் நண்பன் போன் செய்தான். ஏதோ நேற்றுதான் பேசியது போலப் பேசினான்.

"மச்சான், மாப்பிளைக்குன்னு தனியா ஒரு வண்டி பாக்குறோம். இந்த வண்டி தனக்கு சின்னதுங்கிறாரு. மண்ணுக்கும் ரேஸுக்கும் எதுடா எடுக்கலாம்? உன்ன விட்டா யாரக் கேக்குறது?"

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தெரிந்ததைக் கேட்கிறவனுக்குச் சொல்லாமல் இருந்தது இல்லை, அதுவரைக்கும்.

"அன்னிக்கு மொதல்ல ஒண்ணு பாத்தியே, பெரிய டேங்கு வெச்சது" என்றேன். "அதையே எடு. ஆளு கனம். வண்டியும் கனமா இருக்கட்டும்."

அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

"நானும் அதத்தான்டா நெனச்சேன்" என்றான். "நைனாவும் அதான் சொன்னாரு."