ஒரே பேனாவில் மூன்று வாரம்

மருந்தியல் வகுப்பில் நான் கெட்டிக்காரி. எந்த மாத்திரை சிறுநீரகத்தைப் படுத்தும், எது தலையைச் சுற்றவைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நர்ஸான என்னை வார்டிலிருந்து புது மருந்துகளைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறந்து, விலங்குகளைத் தாண்டி, நோயில்லாத சிலரைத் தாண்டி, அப்புறம்தான் ஒரு மருந்து நோயாளியிடம் வருகிறது. அந்த இடத்தில் நிற்பவள் நான் என்ற மிதப்பு.

நான் அக்கா என்று கூப்பிடும் நோயாளி ஒருவர், ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ரவிக்கை தைப்பவர். ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரைச் சோதனையில் சேர்ந்தார். அவருக்குத் தந்தது மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் ஒரு டைரியில் எழுதிவர வேண்டும். எங்களுக்கு வேண்டியது நல்ல செய்தி அல்ல, உள்ள செய்தி. சம்மதப் படிவத்தில் அது இருந்தது. நானே தமிழில் படித்துக் காட்டினேன், எம்ஆர்டி ரயில் அறிவிப்பு மாதிரி கடகடவென்று.

பிரிவில் தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். அக்கா நேரம் தவறமாட்டார். வரும்போதெல்லாம் வடை வேறு.

"இதெல்லாம் கொண்டுவரக் கூடாதுக்கா."

"சும்மா சாப்பிடு லா, யாருக்குத் தெரியப்போவுது."

சாப்பிட்டேன். வாயும் சும்மா இருக்கவில்லை. "நீங்கதான்கா என்னோட பெஸ்ட் பேஷண்ட். ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல!" என்று பக்கத்து மேசைக்காரிக்கும் கேட்கச் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மூன்றாவது முறை வந்தபோது டைரியைப் புரட்டினேன். மூன்று வாரமும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, 'நல்லா இருக்கேன்'. தினமும் எழுதுபவர்களின் டைரியில் பேனா மாறும், எண்ணெய் படிந்திருக்கும், ஒரு நாள் விட்டுப்போயிருக்கும். இது ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் சங்கடப்படுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், எனக்குப் பசி.

பத்து நாள் கழித்து, தையல் மெஷினை விட்டு எழுந்த அக்கா அப்படியே சரிந்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரத்த அழுத்தம் ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. வார்டுக்கு ஓடினேன்.

"ஒரு மாசமா எந்திரிச்சாலே தலை சுத்துச்சு தங்கச்சி."

"ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ எல்லார்ட்டயும் என்னைப் பெருமையா சொல்ற. நான் அப்படிச் சொன்னா உன் மருந்து ஃபெயிலாயிடாதா? உனக்கும் கெட்ட பேரு."

அது என் மருந்து இல்லை, தலை சுற்றுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்தியிருப்போம், சோதனை செய்வதே அதற்குத்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். முதல் நாள் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு கட்டுப்போடாத கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அழாத. மருந்தால இல்ல, நானாத்தான் தடுக்கி விழுந்தேன்னு எழுதிக்கோ."