பேய்க்கணவாய்த் தீர்ப்பு

ஜாஸியாவிடம் ஒரே ஒரு தோட்டாதான் மிச்சம் இருந்தது.

ஸ்ஃபாக்ஸ் நகரில் சட்டம் படிக்கிறவர்கள் தேர்வு வாய்ப்பைத் தோட்டா என்றுதான் சொல்வார்கள். ஒரு பாடத்துக்கு மூன்று. மூன்றும் குறி தப்பினால் கல்லூரி பெயரை அடித்துவிடும். வீட்டுக்குப் போய் வேறு பிழைப்பைப் பார்க்கலாம். முப்பத்து மூன்று வயது ஜாஸியாவுக்குக் காத்திருந்த பிழைப்பு, மாமாவின் கடையில் உட்கார்ந்து பாதாம் உடைப்பது. மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டாள். இணையச் சட்டத்தில் மட்டும் இரண்டு தோட்டா காலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தனியார் கல்லூரியில் இணையத்தைப் பற்றி அவள் அளவுக்குத் தெரிந்த ஆள் கிடையாது. அவள் அப்பா பிரவுசிங் சென்டர் நடத்தியவர். எவன் எந்த நாட்டுப் பெண்ணுக்குக் காதல் கடிதம் அடிக்கிறான், எவன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டாடுகிறான் என்பதையெல்லாம் பதினாறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். ஒருநாள் ஏழாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்த எவனோ ஒருவன், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை வாயில் வந்தபடி திட்டி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு எழுந்து போனான். போலீஸ் வந்து அப்பாவை அழைத்துப் போனது. உட்கார்ந்தவன் என்ன செய்தாலும் கடைக்காரர்தான் பொறுப்பு என்பது அப்போதைய விதி. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த அப்பா, கம்ப்யூட்டர்களை எல்லாம் விற்றார். ஏழாம் நம்பர் நாற்காலியை மட்டும் விற்கவில்லை. கொல்லையில் போட்டு, அதில் உட்கார்ந்து புகை பிடித்தார்.

"பொறுப்பு என்னுதுன்னா நாற்காலியும் என்னுதுதான்" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஜாஸியா வக்கீலாக வேண்டும் என்று கிளம்பியதற்கு அந்த நாற்காலிதான் காரணம். குறுக்கே நின்றது பேராசிரியர் துஹாமி.

துஹாமிக்கு வரும் மின்னஞ்சல்களை அவருடைய மனைவி அச்செடுத்துக் காலை உணவோடு மேசையில் வைப்பார் என்று பேச்சு. அவர் எழுதிய பாடக் குறிப்பில் ஃப்ளாப்பி இன்னும் உயிரோடு இருந்தது. அதை அப்படியே சொல்லச் சொல்ல எழுத வைப்பதுதான் அவருடைய வகுப்பு. நிறுத்தக்குறியைக்கூட விடமாட்டார். "மின்னஞ்சல் என்பது, கமா, கடிதம் போன்றதே, கமா, ஆனால் தபால்தலை அற்றது, முற்றுப்புள்ளி." ஜாஸியா இரண்டு முறை தோற்றது படிக்காததால் அல்ல, குறிப்பு எங்கெங்கே தவறு என்று தேர்வுத் தாளிலேயே எழுதி வைத்ததால்.

அந்த ஆண்டு இருநூறு பேர் அந்தப் பாடத்தை எடுத்திருந்தார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் கல்லூரி வாசலில் இருந்த ஸுஹேரின் ஜெராக்ஸ் கடையை நம்பினார்கள். யாராவது ஒருவர் வகுப்பில் எழுதுவார், ஸுஹேர் அதை வாங்கித் தட்டச்சு செய்து விற்பான், ஊரே அதை மனப்பாடம் செய்யும். கடைசித் தோட்டாக்காரி ஒருநாள் விடாமல் வகுப்புக்குப் போயாக வேண்டும் என்பதால், அந்த ஆண்டு எழுதும் பொறுப்பு ஜாஸியாவின் தலையில் விழுந்தது.

ரமலான் மாதத்தில் ஒரு பிற்பகல். துஹாமியின் தொண்டை வறண்டு, கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் இடையே ஒருவர் தூங்கி எழலாம் போல இருந்தது. கடைக்காரர் பொறுப்பைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே போக, ஜாஸியாவுக்குப் பசியும் எரிச்சலும் சேர்ந்துகொண்டன. பக்கத்தின் ஓரத்தில் கட்டம் போட்டுத் தனக்காக ஒரு வழக்கை எழுதினாள். கெர்க்கெனா தீவில் ஒருவன் தான் பிடித்த பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். எட்டுக் காலும் விரிந்து அழகாக இருந்ததால், இன்னொருவன் காபிக்கடை வைஃபையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திருடி, தான் பிடித்ததாகப் பீற்றிக்கொண்டான். முதலாமவன் காபிக்கடைக்காரன் மேல் வழக்குப் போட்டான். நீதிபதி தள்ளுபடி செய்து சொன்னது: 'நாற்காலிக்குச் சொந்தக்காரன், அதில் உட்காருகிறவனின் விரல்களுக்குச் சொந்தக்காரன் அல்ல.' எழுதி முடித்ததும் பசி கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. மாலையில் நோட்டை ஸுஹேரிடம் கொடுத்துவிட்டு நோன்பு திறக்க ஓடினாள்.

கட்டம் போட்டிருந்தால் முக்கியம் என்றுதான் எந்த ஜெராக்ஸ் கடைக்காரனும் நினைப்பான். ஸுஹேர் அதைத் தடித்த எழுத்தில் அடித்து, தன் பங்குக்கு ஒரு நட்சத்திரமும் வைத்தான்.

தன் நோட்டிலேயே படித்த ஜாஸியாவுக்கு இது தெரிந்தது தேர்வன்று காலையில்தான். மண்டப வாசலில் ராணியா என்ற பெண் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலிக்குச் சொந்தக்காரன், விரல்களுக்குச் சொந்தக்காரன் அல்ல. கெர்க்கெனா, பேய்க்கணவாய் வழக்கு..."

"ஏய், அது பொய்டீ! சும்மா நான் எழுதினது. அப்படி ஒரு வழக்கே கிடையாது!"

ராணியா ஒரு கண்ணைத் திறந்தாள். "ரெண்டு தடவ கோட்டை விட்டவ சொல்ற. நட்சத்திரம் போட்டிருக்கு தெரியுமா?"

"அந்த நட்சத்திரத்த ஸுஹேர் போட்டிருப்பான்!"

"உனக்கு மட்டும் மார்க்கு வரணும். எங்களுக்கு வரக்கூடாது. நல்ல புத்தி அக்கா உனக்கு." கண் மூடிக்கொண்டது.

உள்ளே கேள்வித்தாளைத் திருப்பினால், கடைக்காரர் பொறுப்பைப் பற்றி விவரிக்க வேண்டுமாம். மண்டபம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. மற்ற பேனாக்கள் எல்லாம் பேய்க்கணவாயை நோக்கிப் பாய்ந்தன. ஜாஸியா மட்டும் தன் கடைசித் தோட்டாவைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற சட்டத்தை மட்டும் எழுதினாள்.

பலகையில் முடிவு ஒட்டினார்கள். ராணியாவுக்கு இருபதுக்குப் பதினான்கு. ஜாஸியாவுக்கு எட்டு. தேறப் பத்து வேண்டும்.

மறுநாள் காலை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு துஹாமியின் அறைக்குப் போனாள்.

"வாம்மா. எட்டுதானே? எட்டே பெருசு."

"ஏன் சார் எட்டு?"

"இருநூறு பேர் எழுதின தீர்ப்ப நீ ஒருத்தி எழுதல. இந்தப் பாடத்துக்கே அதுதான் முதுகெலும்பு, பேய்க்கணவாய் வழக்கு."

"பேய்க்கணவாய்க்கு முதுகெலும்பு கிடையாது சார்."

"இந்த வாயாலதான் ரெண்டு வருஷம் போச்சு உனக்கு."

"அந்தத் தீர்ப்ப நீங்க எங்க சார் படிச்சீங்க?"

துஹாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கயா? சட்ட இதழ்லதான். நீல அட்டை போட்டது. போன வருஷம்."

மேசையில் அடுத்த ஆண்டுக்கான புதிய பாடக் குறிப்பு விரிந்து கிடந்தது. ஜாஸியா தலைகீழாகவே படித்துவிட்டாள். நாற்பத்தோராம் பக்கத்தில் பேய்க்கணவாய். அதன் கீழே, 'இத்தீர்ப்பின் கருத்தை நான் நெடுங்காலமாகவே வலியுறுத்தி வருகிறேன்.' பிரவுசிங் சென்டரில் வளர்ந்த கண்ணுக்கு எந்தப் பக்கமிருந்தும் திரை தெரியும். அவள் நோட்டை விரித்து வைத்தாள்.

"என்ன இது?"

"மூலப் பிரதி சார். கட்டத்துக்கு மேல தேதி இருக்கு. ரமலான்ல ஒரு செவ்வாக்கிழமை."

அவர் படித்தார். காது மடல் முதலில் சிவந்தது, பிறகு முகம். "உன்ன ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க சார். அவங்க முதல்ல அந்த நீல அட்டையத்தான் கேப்பாங்க."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருந்தது. அது கிளம்பியதும் துஹாமி நோட்டை மூடினார்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"சும்மா மார்க்கு வேணாம் சார். என் தாள ஒரு தடவ படிங்க. பேய்க்கணவாய் இல்லாம படிங்க. அப்பவும் எட்டுதான்னா நான் பாதாம் உடைக்கப் போறேன்."

துஹாமி விடைத்தாள் கட்டிலிருந்து அவள் தாளை உருவி எடுத்தார். பழக்கதோஷத்தில் "கமா" என்று முனகிக்கொண்டே படித்தார். மூன்றாம் பக்கத்தில் கமாக்கள் நின்றுபோயின.

"கடைக்காரன் பொறுப்பில்லன்னு எழுதியிருக்க. அப்ப யாரு பொறுப்பு?"

"அனுப்பினவன் சார்."

"அவனப் புடிக்க முடியலன்னா?"

"புடிக்க முடியலன்னுதான் அர்த்தம். பக்கத்துல இருக்கறவனப் புடிச்சுக்கோன்னு அர்த்தம் இல்ல."

"உன் இஷ்டத்துக்குச் சொல்ற. எந்த விதிய வச்சு?"

"நாலாவது பக்கம் சார். அங்கதான் எழுதியிருக்கேன்."

அவர் நாலாம் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி மூன்றுக்கு வந்தார், திரும்ப நாலு. கடைசியில் எட்டை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

"பத்தரைகூட இல்லையா சார்?"

"அரை மார்க்கு அபராதம். நீதிபதியா நடிச்சதுக்கு." பிறகு நாற்பத்தோராம் பக்கத்தில் கோடு கிழிக்கப் போனவர், பேனாவை நிறுத்தினார். "அந்த வாக்கியம் மட்டும் நல்லாத்தான் இருக்கு. யாரு நாற்காலி அது?"

"எங்க அப்பாவோடது சார்."

துஹாமி கோட்டைக் கிழித்தார்.

வாசலில் ஸுஹேர் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கட்டத்தைத் தூக்கிவிடு என்று ஜாஸியா சொன்னதும் பதறிவிட்டான்.

"போங்க வக்கீலம்மா! அதத் தூக்கிட்டா மிச்சத்த எவன் வாங்குவான்? கெர்க்கெனாவுலேர்ந்து ஒருத்தன் வந்து அந்தப் பக்கத்த மட்டும் அஞ்சு பிரதி எடுத்துட்டுப் போனான். காபிக்கடை வச்சிருக்கானாம். சுவத்துல ஒட்டப்போறானாம்."

அவனோடு சண்டை போட்டு, கட்டத்தின் மேல் 'கற்பனை' என்று அடிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அப்பா கொல்லையில் ஏழாம் நம்பர் நாற்காலியில் இருந்தார். தேறியதைச் சொன்னாள், நடந்த கூத்தையும் முழுதாகச் சொன்னாள். அவர் சிகரெட் அணைந்ததுகூடத் தெரியாமல் கேட்டார்.

"அப்ப கடைக்காரன் மேல தப்பில்லன்னு தீர்ப்பு."

"தீர்ப்பே பொய் பா. நான் எழுதினது."

"இருக்கட்டும்." அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்பீலுக்கு யாரும் போகலியே?"